நீருண்ட சுண்ணாம்பு

மேற்கே சஹ்யாத்திரித் தொடரும் தெற்கே வருஷநாட்டு மலைகளும் காவல் நிற்க, எந்தத் திசையில் புறப்பட்டாலும் ஒரு மலையையோ நெடிய சமவெளியையோ கடந்தாலன்றிக் கடலைக் காண இயலாத தேனி நகரத்தில், என் நண்பர் ஒருவர் தம் வீட்டுக் கூடத்தில் 200 லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டியில் கடல் மீன்களைப் பல ஆண்டுகளாக வளர்த்து வருகிறார். சுத்திகரித்த நன்னீரில் லிட்டருக்கு 35 கிராம் வீதம் ஏழு கிலோ உப்புக் கலவையைக் கரைத்து அவர் உண்டாக்கிய அந்தச் சிறு சமுத்திரத்தில், வெள்ளை வரியோடிய கோமாளி மீன்கள் இரண்டும் சில நத்தைகளும் சுகமாக ஜீவிக்கின்றன. ஞாயிறுதோறும் காலையில், குளித்து முடித்துப் பூஜைக்கு உட்காருகிறவரைப் போன்ற சிரத்தையோடு அவர் அந்தத் தொட்டியின் முன் உட்காருவார். ஐந்து மில்லிலிட்டர் நீரை ஊசிக்குழலால் இழுத்துச் சிறிய கண்ணாடிக் குப்பியில் விட்டு, அதில் பரீக்ஷைத் திராவகத்தை ஒவ்வொரு சொட்டாக விட்டு, ஒவ்வொன்றுக்கும் குப்பியைக் குலுக்கி, நீலமாய்த் தொடங்கிய நீர் எத்தனையாவது சொட்டில் மஞ்சளாகிறதென்று எண்ணி, அந்த எண்ணிக்கையைத் தேதியுடன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்வார்.

ஒருமுறை நான் அருகில் இருந்தபோது, வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அவருடைய தாயார், "ஆலாத்தித் தண்ணி செவக்குற மாதிரியில்ல இதுவும் நெறம் மாறுது!" என்றார். அந்த அம்மையார் சொன்ன ஒரு வாக்கியம் என்னை வெகுதூரம் அழைத்துச் சென்றுவிட்டது. கம்பம் பள்ளத்தாக்கின் நூற்றிருபது நூற்றுமுப்பது ஆண்டுச் சரித்திரத்தை அந்தக் குப்பிக்குள் நான் காணத் தொடங்கியது அன்றுதான்.

அவர் சொன்னதில் அணுவளவும் பிழையில்லை. மஞ்சள் கரைத்த நீரில் சிறிது சுண்ணாம்பைக் கலந்தால் அது குங்குமச் சிவப்பாகிறது. மணமக்களுக்கும், பிள்ளை பெற்று வீடு திரும்பும் பெண்ணுக்கும் சுற்றி வாசலில் கொட்டும் அந்த ஆலத்தி நீர், ரஸாயன சாஸ்திரம் க்ஷாரம் என்று சொல்லும் குணத்தைக் கண்ணுக்குக் காட்டும் பரீக்ஷையே ஆகும். க்ஷாரம் என்ற வடசொல் தமிழில் காரமாகி, பின்னர் மிளகாயின் உறைப்புக்கும் அதுவே பெயராகிவிட்டபடியால், பள்ளிப் பாடப் புத்தகத்தில் காரத்தன்மை என்று படிக்கும் பிள்ளைகளுக்கு முதலில் நாக்கு எரிவதே நினைவுக்கு வருகிறது. ஆயினும் அதன் பழைய பொருளை நம் ஊர்களில் அறிந்தவர்கள் அறிந்தே இருந்தார்கள். வெயிற்காலத்தில் தரையில் பூத்த உவர்மண்ணைச் சேர்த்துவந்து, அதன் கரைசலில் துணியை முக்கி வெள்ளாவி வைத்த சலவைத் தொழிலாளி, எந்த இடத்து மண் அழுக்கை அதிகமாக அறுக்கும் என்பதை விரலிடையில் வழுக்கும் வழுக்கலைக் கொண்டே அறிந்தார்.

மேனாட்டிலும் இந்த அறிவு சலவைத் துறையிலேதான் அளவுகோல் பெற்றது. 17ஆம் நூற்றாண்டில் ராபர்ட் பாயில் வயலட் மலர்ச் சாற்றில் அமிலம் பட்டால் சிவப்பதையும் க்ஷாரம் பட்டால் பசுமையாவதையும் எழுதிவைத்தார். ஆனால் நிறம் மாறுகிறது என்று அறிவதும், எவ்வளவு இருந்தால் மாறுகிறது என்று அறிவதும் வேறு வேறு. துணி வெளுக்கும் ஆலைகள் நிறைந்த பிரான்ஸின் ரூவான் நகரத்தில் மருந்தாளராயிருந்த தெக்ருவாஸீல் என்பவர், வியாபாரிகள் விற்கும் சாம்பல் உப்பில் எவ்வளவு உண்மைக் க்ஷாரம், எவ்வளவு கலப்படம் என்று கண்டுபிடிக்க, கோடிட்ட கண்ணாடிக் குழாயிலிருந்து அமிலத்தைச் சிறிது சிறிதாக விட்டு அளக்கும் கருவியொன்றை 1806இல் வெளியிட்டார். கேலுஸாக் முதலிய ரஸாயனப் புலவர்கள் அதைத் திருத்தினார்கள். என் நண்பரின் குப்பியும் சொட்டும் அந்தக் கருவியின் பேரப்பிள்ளைகள்.

அவர் எண்ணும் சொட்டுக்கு ஜெர்மன் பாகை என்று பெயர். ஒரு பாகை என்பது என்ன? நீரில் உள்ள க்ஷாரம் லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் சுட்ட சுண்ணாம்புக்கு ஈடாயிருந்தால் அது ஒரு பாகை. சுட்ட சுண்ணாம்பு! காளவாசலிலிருந்து இறக்கி, இன்னும் நீர் தெளிக்காத கற்சுண்ணாம்பு. இயற்கையான கடல்நீர் ஏறக்குறைய ஏழு பாகை. வீட்டுத் தொட்டியில் எட்டு ஒன்பது இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். எட்டுப் பாகை என்றால் என் நண்பரின் 200 லிட்டர்த் தொட்டி முழுவதிலும் பதினாறு கிராம் சுட்ட சுண்ணாம்புக்கு ஈடான க்ஷாரம் கரைந்திருக்கிறது என்பது கணக்கு. அத்தனை பெரிய தொட்டிக்கு ஒரு கைப்பிடியும் நிறையாத சுண்ணாம்பு! அந்தச் சொற்ப அளவே மீன்களின் உயிருக்குக் காவலாக நிற்கிறது. மீனின் கழிவிலிருந்து எழும் அம்மோனியாவைக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அந்த மாற்றத்தில் அமிலம் பிறக்கிறது. பிறந்த அமிலத்தை இந்தக் க்ஷாரம் விழுங்கிக்கொண்டே வருகிறது. நத்தைகள் ஓடு கட்டிக்கொள்வதற்கும், கல்லின்மேல் ஊதா நிறமாய்ப் படரும் சுண்ணாம்புப் பாசி வளர்வதற்கும் அதே சேமிப்பிலிருந்துதான் எடுக்கின்றன. சேமிப்பு தீர்ந்த அன்று, நேற்றுவரை தெளிவாகவும் அமைதியாகவும் தோன்றிய நீர் திடீரென்று புளிக்கத் தொடங்கும். குறைந்தது கண்டால், ஒரு பாகைக்கு ஆறு கிராம் ஆப்பச் சோடாவைக் கரைத்து மெள்ள மெள்ள ஊற்றுவார் என் நண்பர்.

கடற்கரையில் வசிப்பவர்களுக்கு இந்த விசாரம் பெரிதாக இருந்ததில்லை. எட்கர் தர்ஸ்டன் முயற்சியில் உருவாகி 1909இல் சென்னை மெரினாவில் திறக்கப்பட்ட மீன்காட்சிச் சாலை, இரண்டாம் உலக யுத்தத்தின்போது மூடப்படும்வரை ஜனங்களுக்குப் பெரும் வேடிக்கையாக விளங்கியது. அதன் வாசலுக்கு எதிரே வங்கக் கடலே கிடந்தது. கடலை விட்டு விலகியவனுக்குத்தான் அதன் நீரைத் தானே சமைக்கும் கடமை வருகிறது. 1854இல் மீன்தொட்டிகளைப் பற்றி நூலெழுதி, அவற்றுக்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரைப் பரப்பிய பிலிப் காஸ், லண்டனில் உட்கார்ந்து உப்புகளை நிறுத்துக் கலந்து கடல்நீர் செய்து பார்த்தார். சமைத்த நீரைச் சோதித்தே தீரவேண்டும் என்ற நியமம் அங்கிருந்து தொடங்குகிறது.

இவ்வளவுக்கும் தேனிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நீருக்குள் சுண்ணாம்பு கரைவதையும், கரைந்ததை அளப்பதையும் இந்தப் பள்ளத்தாக்கைப் போல ஜீவாதாரமான காரியமாகக் கொண்ட பிரதேசம் தமிழ்நாட்டில் வேறில்லை என்பதே என் விடை. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று வரிசையாக வரும் ஊர்களில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைவதும், அதற்கப்பால் மதுரையும் மேலூரும் குடிப்பதும் பயிரிடுவதும், மலைக்கு மேலே ஒரு காட்டுப் பள்ளத்தில் பெரியாற்றின் குறுக்கே நிற்கும் சுண்ணாம்புச் சுவர் ஒன்றின் தயவால்.

பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் யோசனை மிகப் பழையது. 1789இல் இராமநாதபுரம் சமஸ்தானத்துப் பிரதானி முத்து இருளப்ப பிள்ளை மலைக்கு ஆட்களை அனுப்பி ஆராயச் செய்தார். பொருளில்லாமையால் அது நின்றது. 1808இல் காப்டன் கால்டுவெல் பார்த்துவிட்டு நடவாத காரியம் என்று எழுதிவிட்டார். 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சுடுகாடாக்கிய தாது வருஷப் பஞ்சம் சர்க்காரின் மனத்தை மாற்றிற்று. எஞ்சினியர் ஜான் பென்னிகுயிக் திட்டம் வகுத்தார். 1886 அக்டோபர் 29ஆம் தேதி திருவிதாங்கூர் சமஸ்தானத்துடன் 999 வருஷத்துக்குக் குத்தகைப் பத்திரம் கையெழுத்தாயிற்று. 1887இல் வேலை தொடங்கியது. 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் பிரபு திறந்துவைத்தார். இவற்றை நம் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். பென்னிகுயிக்குக்கு லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் இருக்கிறது. தைப் பொங்கலன்று அவருக்குப் பொங்கல் வைக்கும் ஊர்களும் இருக்கின்றன. நான் சொல்ல விரும்புவது அந்தச் சுவர் எதனால் ஆயிற்று என்பதை.

அக்காலத்தில் சிமெண்டு என்பது சீமையிலிருந்து பீப்பாய்களில் கப்பலேறி வரவேண்டிய பண்டம். இந்தியாவில் அதைச் செய்து பார்த்த முதல் முயற்சிகளில் ஒன்று 1904இல், சென்னையில். அதுவும் கடற்சிப்பிகளைக் கொண்டு செய்த முயற்சி, நிலைத்து நிற்கவில்லை. ஆகவே பெரியாற்று அணைக்கு நம் முன்னோர் கோயிலும் சத்திரமும் கட்டிய அதே சரக்குதான் கதியாயிற்று. 1,200 அடி நீளமும் ஆற்றுப் படுகைக்கு மேல் 155 அடி உயரமும் உள்ள அந்தச் சுவரின் முன்முகமும் பின்முகமும் கருங்கல் கட்டு; நடுவில் உள்ள பெரும் வயிறு முழுவதும் சுண்ணாம்பும், செங்கல்லைச் சுட்டு இடித்த தூளாகிய சுர்க்கியும், மணலும், உடைத்த கல்லும் சேர்ந்து இறுகிய கலவை.

அதற்கான சுண்ணாம்புக்கல் மலையடிவாரத்துக் குருவனூத்தில் கிடைத்தது. இன்று லோயர் கேம்ப்புக்கு அருகே ஒரு பாலத்தின் பெயராக மட்டும் பயணிகள் கேட்டுச் செல்லும் அந்த இடத்தில், ஒரு காலத்தில் காளவாசல்கள் எரிந்தன. காளவாசல் என்ற சொல்லை மதுரைச் சீமையார் அறிவார்கள். மதுரை நகரத்திலேயே ஒரு பேட்டைக்கு அது பெயர். கல்லை உடைத்து, விறகும் கரியும் கல்லுமாக அடுக்கடுக்காய் நிரப்பி, அடியில் தீயிட்டுச் சுட்டால், நூறு பங்கு சுத்தமான சுண்ணாம்புக்கல் தன்னுள் அடங்கிய வாயுவை விட்டுவிட்டு ஐம்பத்தாறு பங்காகக் குறைகிறது. பார்க்கக் கல்லைப் போலவே இருக்கும். எடுத்தால் இலேசாக இருக்கும். நீர் தெளித்தால் சீறிப் புகைந்து, வெடித்து, வெண்பொடியாய் நீறிப்போகும். அந்த நீற்றின சுண்ணாம்போடு சுர்க்கியையும் மணலையும் சேர்த்து அரைத்துச் சாந்தாக்குவது கொத்தருக்குக் கைவந்த வித்தை. நம் வீட்டுச் சுவர்களுக்கானால் கடுக்காய்ச் சாறும் வெல்லச் சாறும்கூடச் சேரும்.

அடிவாரத்திலிருந்து அணை எழும்பும் காட்டுக்கு அப்போது சாலை ஏது? மலைச் சரிவில் கம்பி வடம் கட்டிச் சரக்கை உச்சிக்கு ஏற்றினார்கள். அங்கிருந்து ஆற்றைப் படகு செல்லும்படி திருத்தி, அணை எழும்பும் இடத்துக்கு மிதக்கவிட்டார்கள். மழைக்காலத்து வெள்ளம் அரைகுறைக் கட்டுமானங்களை அடித்துச் சென்றது. வெள்ளம் வடிந்தால் காட்டுக் காய்ச்சல் கூலியாட்களை வாரிக்கொண்டது. அப்படி மாண்டவர்கள் அநேகர், அணையருகேயே அடங்கிக் கிடக்கிறார்கள். குருவனூத்தில் கல்லுடைத்தவரின் பெயரும், சூளைக்கு விறகு சுமந்தவரின் பெயரும், ஈரச் சுண்ணாம்பில் கை வெந்தவரின் பெயரும் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. இதை நான் வருத்தத்தோடு எழுதுகிறேன்.

இனி அந்தச் சுண்ணாம்பின் பிற்கால வரலாறு. காற்றுப் படும் இடத்தில் பூசிய சுண்ணாம்பு, சூளையில் இழந்த வாயுவை ஆண்டுக்கணக்கில் மெள்ள மெள்ளத் திரும்பப் பெற்று மறுபடி கல்லாகிறது. காற்றுப் புகாத அணையின் உள்வயிற்றில் அதற்கு வழியில்லை. அங்கே அது சுர்க்கியோடு கூடித்தான் இறுக வேண்டும். கூடியது போக மிஞ்சிய சுண்ணாம்பு தனித்தே தங்கிவிடுகிறது. எந்தச் சுவரிலும் சிறிது நீர் கசியும். பெரியாற்று நீரோ, மழைக்காட்டின் அழுகிய இலைகளினூடே வடிந்து கரியமில வாயுவை உட்கொண்டு வரும் மிருதுவான நீர். உப்பும் சுண்ணாம்பும் ஏறாத அத்தகைய நீருக்குச் சுண்ணாம்பின்மேல் தீராப் பசி உண்டு. கசிந்து செல்லும் வழியெல்லாம் தனித்துக் கிடக்கும் சுண்ணாம்பைக் கரைத்து ஏந்திக்கொண்டு, கீழ்ப்புறம் காற்றைக் கண்டதும் அதைக் கக்கிவிட்டு, வெள்ளை வெள்ளையாகப் பொருக்குக் கட்டித் தொங்கவிடுகிறது. சுருளித் தீர்த்தத்துக் குகையில் விழுந்த இலை நாளடைவில் கல்லாகிவிடும் என்று பக்தர்கள் சொல்வதுண்டு. சுண்ணாம்பு கரைந்த நீர் காற்றில் சொட்டும் இடத்தில் இலைமேல் கல் படிவது இயற்கையே. அணையின் முதுகில் நடப்பதும் அதே ஸ்வபாவத்தால்தான்.

ஆகவே கசிவு நீரைப் பிடித்துச் சோதிப்பது அணையைக் காப்பவர்களின் கடமையாயிற்று. தேக்கத்து நீரில் எவ்வளவு க்ஷாரம், கசிந்து வந்த நீரில் எவ்வளவு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கசிவின் மொத்த அளவால் பெருக்கினால் சுவர் இழந்த சுண்ணாம்பு எவ்வளவு என்று தெரிந்துவிடும். தேனியில் என் நண்பர் செய்யும் கணக்குக்கும் இதற்கும் அளவில்தான் பேதம். இழந்த இடத்தை நிரப்ப 1930களில் அணையில் துளைகள் இட்டுச் சுமார் 40 டன் சிமெண்டுக் குழம்பைச் செலுத்தினார்கள். 1960இல் ஏறக்குறைய 500 டன். 1979இல் குஜராத்தின் மச்சு அணை உடைந்து மோர்வி நகரம் அழிந்தபோது எழுந்த கலக்கத்தில் பெரியாற்றின் நீர்மட்டம் 136 அடிக்குத் தாழ்த்தப்பட்டது. அதன்பின் சுவரின் தலைமேல் கான்கிரீட் கிரீடம் வைத்து, எஃகு வடங்களைப் பாறைவரை இறக்கி இறுக்கி, முதுகுப்புறம் புதிய கான்கிரீட் அணைவு எழுப்பினார்கள். அந்த அணைவுக்குள் அமைந்த சுரங்க நடைகளில்தான் இன்று கசிவு நீர் வந்து சேர்கிறது. கண்காணிப்புக் குழுவினர் வரும்போதெல்லாம் அதை அளந்து பார்க்கிறார்கள்.

சுண்ணாம்பு கரைந்து சுவர் பலவீனப்பட்டது என்று கேரளமும், நிரப்பியும் பலப்படுத்தியும் ஆயிற்று என்று தமிழ்நாடும் நீதிமன்றத்தில் வாதாடின. 142 அடிவரை நீர் தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006இலும், அரசியல் சாசன அமர்வாக 2014 மே 7ஆம் தேதியும் தீர்ப்பளித்தது. மலைக்கு அந்தப்புறம் அணைக்குக் கீழே வாழும் ஜனங்களின் அச்சத்தையும், இந்தப்புறம் மதகு திறக்கும் நாளை எண்ணி நாற்றங்காலை உழுதுவைக்கும் ஜனங்களின் கவலையையும் நான் ஒன்றாகவே மதிக்கிறேன். இருசாராரும் அஞ்சுவது கரைந்துபோகும் ஒரே பொருளைப் பற்றியே என்பதால், கசிவு நீரைச் சோதிக்கும் காரியத்தில் ஒளிவும் அசட்டையும் கூடவே கூடாது என்று என் மனம் அடித்துச் சொல்கிறது.

அலட்சியத்தால் சுண்ணாம்பை இழந்த இடமொன்றும் நம்மிடம் உண்டு. மன்னார் வளைகுடாவில் பவழப் பூச்சிகள் கடல்நீரிலிருந்து இதே க்ஷாரத்தையும் சுண்ணாம்பையும் எடுத்து ஆயிரமாயிரம் ஆண்டுகளாகக் கட்டிய பாறைகளை, தோணி தோணியாக வெட்டி எடுத்துச் சூளையிலிட்டுச் சுட்டு விற்றோம். 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் தேசியப் பூங்கா என்று அறிவித்தும், பவழங்களை 2001இல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தும் காப்பாற்ற முற்படுவதற்குள், பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. என் நண்பர் தொட்டியில் உயிருள்ள பவழம் ஒன்றுகூட இல்லாததற்கு அந்தச் சட்டம் காரணம். சட்டம் இல்லாவிட்டாலும் வைத்திருக்க மாட்டேன் என்கிறார், நான் அதை நம்புகிறேன். பவழம் வளர்க்கும் மேனாட்டார் 1970களிலிருந்து, பீட்டர் வில்கென்ஸ் என்பவர் காட்டிய வழியில், நீற்றின சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்து, மேலே நிற்கும் தெளிவை மட்டும் இரவெல்லாம் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விடுகிறார்கள். அதற்கு அவர்கள் வழங்கும் ஜெர்மன் பெயருக்குப் பொருள் சுண்ணாம்புத் தண்ணீர் என்பதே. நம் பாட்டிமார் கைவைத்தியத்துக்கு வைத்திருந்த சுண்ணாம்புத் தெளிவுதான் அது!

சென்ற மாதம் நாங்கள் இருவரும் குருவனூத்துப் பாலத்துக்குப் போயிருந்தோம். காளவாசல் எரிந்த சுவடு எதுவும் என் கண்ணுக்குப் படவில்லை. புதரும் புளியமரங்களும், சற்றுத் தள்ளித் தென்னந்தோப்புகளும், கீழே மலையிறங்கி வந்த நீரின் ஓசையுமே இருந்தன. நண்பர் ஒரு புட்டியில் அந்த நீரை மொண்டுகொண்டார். வீடு திரும்பியதும் மூன்று குப்பிகளை வரிசையாக வைத்து, தொட்டி நீரையும், கொல்லைக் கிணற்று நீரையும், குருவனூத்து நீரையும் தனித்தனியே விட்டுச் சொட்டு எண்ணினார். தொட்டி நீர் எட்டாவது சொட்டில் மஞ்சளாயிற்று. கிணற்று நீருக்குப் பதினாறு ஆயிற்று. மலைநீருக்கு முதல் சொட்டு விட்டபோது நீலம் சற்று வெளிறிற்று. இரண்டாவது விட்டதும் மஞ்சளாகிவிட்டது. அவருடைய தாயார் மூன்று குப்பிகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நண்பர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, தேதியிட்டு, மூன்று எண்களையும் எழுதினார்.